பனிக்குள் நாலைந்து நாள்: கருங்காட்டில் எங்கே, எப்போது, எப்படி

பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறீர்கள், ஜெர்மனியில் இது உங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டு டிசம்பர் விடுமுறைகளிலும் நாலைந்து ஊர்களின் கிறிஸ்துமஸ் சந்தைகள், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, மியூனிக் என்று ஓடி, போனதைவிடக் களைத்துத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை பனி மூடிய ஒரு கிராமத்தில் சத்தமில்லாமல் நாலைந்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும், எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் கருங்காட்டின் அடிவாரத்து நகரமான ஃப்ரைபுர்க்கில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 6 கழிந்த பிறகு கிளம்புங்கள். ஷ்வார்ட்ஸ்வால்ட் எனப்படும் கருங்காட்டின் தென்பகுதியில், ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஒரு பண்ணை வீட்டில் அறை எடுங்கள். அங்கேயே இருங்கள். இரண்டாம் நாள் வேறு ஊர், மூன்றாம் நாள் இன்னொரு ஊர் என்று திட்டம் போடாதீர்கள். ப்ரைட்னௌ, சாங்க்ட் மேர்கன், ஹின்டர்ட்சார்ட்டன் ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் சரி. பெயர் தெரிந்த டிட்டிசே ஏரிக்கரையில் மட்டும் தங்க வேண்டாம். ஏரி அழகானதுதான், ஆனால் கரையெங்கும் குக்கூ கடிகாரக் கடைகளும் சுற்றுலா பஸ்களும் நிற்கும் இடம் அது.

டிசம்பரை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், கிறிஸ்துமஸ் நாட்களில் இங்கே பனி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. டிசம்பர் நடுவில் நன்றாகப் பெய்திருக்கும். சரியாகப் பண்டிகைக்கு முன்னால் மேற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். இது அடிக்கடி நடப்பதால் 'வைனாக்ட்ஸ்டௌவெட்டர்', அதாவது கிறிஸ்துமஸ் உருகல், என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். கருங்காடு இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அன்று அரசு விடுமுறை. அதையொட்டிய நாட்களில் சிறுவர்கள் ராஜா வேடமிட்டு வீடுவீடாகப் பாடிக்கொண்டு வந்து, கதவு நிலையின் மேல் சுண்ணக்கட்டியால் அந்த ஆண்டின் எண்ணையும் மூன்று எழுத்துகளையும் எழுதிவிட்டுப் போவார்கள். கிறிஸ்துமஸிலிருந்து அதுவரையுள்ள பன்னிரண்டு இரவுகளுக்கு 'ரௌஹ்நெக்டெ' என்று பெயர். தென் ஜெர்மனியின் சில பண்ணைகளில் அந்த இரவுகளில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தூபம் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையில் வளர்ந்த நமக்கு அந்த வாசனை சட்டென்று அடையாளம் தெரியும். இதெல்லாம் முடிந்து, வெளியூர்க்காரர்கள் திரும்பிப் போனபின் மலை தன் இயல்புக்கு வரும். அதிலிருந்து ஃபாஸ்நெட் எனப்படும் முகமூடித் திருவிழா வரையுள்ள வாரங்கள்தான் உங்களுக்கு. ஃபாஸ்நெட் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும். மணிகளும் மேளமும் தெருவெல்லாம் முழங்கும். அது அருமையான விழா, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

ஃப்ரைபுர்க் வரை அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து மலையேறும் ரயில்தான் பயணத்தின் உண்மையான தொடக்கம். 1887-இல் திறக்கப்பட்ட பாதை. சமவெளி முடியும் இடத்தில் ஒரு சிறு நிலையம், பெயர் ஹிம்மெல்ரைஷ்: சொர்க்க ராஜ்ஜியம். அதைத் தாண்டியதும் ரயில் நுழைவது ஹொல்லென்டால்: நரகப் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் பாறை நெருங்கி வரும். ஒரு முகட்டில் வெண்கல மான் ஒன்று நிற்கும். வேடனுக்குத் தப்பி இந்தப் பிளவைத் தாண்டிக் குதித்த மானின் கதை அதற்கு. பதினெட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் அளவுக்குச் செங்குத்து. ஆரம்ப காலத்தில் பல்சக்கரம் வைத்துத்தான் ஏற்றினார்கள். ஹின்டர்ட்சார்ட்டன் போய்ச் சேர்வதற்குள் நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பீர்கள்.

இந்த ஏற்றத்தில் ஒரு விஷயம் நடக்கும். குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் கனமான குளிர்ந்த காற்று ரைன் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே நாட்கணக்கில் மூடுபனி, சாம்பல் நிறம். ஃப்ரைபுர்க்கில் மதியம்கூட விளக்கு எரியும். அதே நேரம் மேலே சூரியன். ஒரு ஜனவரி மாதம், பத்து நாளாக வெயிலைக் காணாத ஒரு நண்பனை நான் இந்த ரயிலில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி ஏற்றம் வரை ஜன்னல் வெள்ளைத் திரையாக இருந்தது. ஒரு சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்தபோது பெட்டி முழுவதும் வெளிச்சம் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி பின்னுவதை நிறுத்திவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியில் யாரும் எதுவும் பேசவில்லை. அப்படிப்பட்ட நாளில் 1493 மீட்டர் உயரமுள்ள ஃபெல்ட்பெர்க் உச்சியில் நின்றால், மூடுபனிக் கடலுக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் அடிவானம் நெடுகத் தெரியும்; மோன் பிளாங்க்கூடத் தெரியும்.

இனி நீங்கள் தேடும் அமைதிக்கு வருகிறேன். பனி பெய்தால் உலகம் அடங்கிப்போனதுபோல் இருப்பது மனப்பிரமை இல்லை. புதிதாக விழுந்த பனியின் பெரும்பகுதி காற்றுதான். படிகங்களுக்கு நடுவே எண்ணற்ற சிறு பொந்துகள். ஒலி அவற்றுக்குள் நுழைந்து அங்கேயே தேய்ந்துபோகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை செய்யும் வேலையைத்தான் ஒரு பள்ளத்தாக்கின் அளவுக்கு அது செய்கிறது. வெயிலில் இளகி இரவில் இறுகி மேலே ஓடு கட்டிவிட்டால் அந்தக் குணம் போய்விடும். ஒலி மறுபடி திரும்பத் தொடங்கும். தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழிக் காலையை மூடுவதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உதிர்மாவுபோல் கிடப்பது 'புல்வர்', ஓடு கட்டியது 'ஹார்ஷ்', காலுக்கடியில் சேறாவது 'மாட்ஷ்', மரக்கிளையில் வெள்ளையாக முளைப்பது 'ரைஃப்'. காலை உணவின்போது வீட்டுக்காரர் இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்றைச் சொல்வார். 'புல்வர்' என்று சொன்னால் காபியை முடித்துவிட்டு உடனே கிளம்பிவிடுங்கள், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

நடக்கும்போது காலடிச் சத்தத்தைக் கவனியுங்கள். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் பனி மெத்தென்று அமுங்கும், சத்தமே வராது. குளிர் ஏற ஏறப் படிகங்கள் இளகாமல் முறியும். முதலில் நறநற, நன்றாகக் குளிர்ந்த காலையில் கீச்சென்ற சத்தம். சில நாட்கள் பழகினால் வெப்பமானியைப் பார்க்காமலே குளிரைக் காதால் அறியலாம். நின்றுவிட்டால் அதுவும் போய்விடும். அப்புறம் எங்கோ ஒரு கிளை தன் பாரத்தை இறக்கிவிடும். தொப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூள் நிதானமாக இறங்கும். அந்தக் கிளை மட்டும் கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்க்கவென்றே நின்றிருக்கிறேன்.

ஆனால் இந்த அமைதியில் பனியின் பங்கு பாதிதான். மீதி, மனிதர்கள் ஏற்படுத்தியது. ரைன் சமவெளியின் கிராமங்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். மலைக்கு ஏறினால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு முழுப் புல்வெளி, சில இடங்களில் ஒரு குன்றே இருக்கும். சமவெளியில் சொத்தைப் பிள்ளைகளுக்குள் பங்கு போட்டார்கள். மலையில் பண்ணையைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். நிலமும் காடும் மாடும் வீடும் ஒரே பிள்ளைக்குப் போகும். கருங்காட்டின் பல பகுதிகளில் அது கடைசி மகன். மற்றவர்கள் பண்ணையாளாகவோ கண்ணாடிச் சூளையிலோ பிழைத்தார்கள். பலர் பனி அடைத்த மாதங்களில் மரக் கடிகாரம் செய்யக் கற்றார்கள். இந்த ஊர்களின் கடிகாரப் புகழ் அப்படி வளர்ந்ததுதான். 1850-இல் ஃபுர்ட்வாங்கனில் கடிகாரப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர்தான், நீங்கள் ஏறிவந்த ஹொல்லென்டால் ரயில் பாதையையும் பின்னாளில் திட்டமிட்டவர். வீடு பெற்ற மகன், வீடு பெறாத மகன் என்ற அந்தக் கணக்கில் வலியும் இருந்திருக்கும். அந்தத் தனி வீடுகளுக்கு இடையே இன்று நாம் நடக்கும்போது அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கருங்காட்டு வீடு என்பது பெரும்பாலும் ஒரு கூரைதான். சரிந்து கிட்டத்தட்டத் தரை வரை இறங்கும் அந்தப் பெரிய கூரையின் கீழே மனிதர், மாடு, வைக்கோல் எல்லாம் ஒன்றாக. சரிவின் மேல்பக்கத்திலிருந்து வண்டி நேராக மாடிக்குள் போய்ப் புல்லை இறக்கும். புல் அடுக்கு மேலிருந்து குளிரைத் தடுக்கும். மாட்டின் உடல்சூடு பக்கத்திலிருந்து வரும். வெளியே மரத் தொட்டியில் ஊற்று நீர் இரவு பகலாக விழுந்துகொண்டிருக்கும். ஓடும் நீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது என்பதால் அதை நிறுத்துவதில்லை. இரவில் படுத்திருக்கும்போது உங்கள் காதில் விழும் ஒரே ஒலி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

கூடத்தில் ஓடு பதித்த அடுப்பு. விறகை மூட்டுவது சமையலறைப் பக்கத்திலிருந்து. புகை கூடத்துக்கு வராது. சூடு மட்டும் சுவருக்குள் சுற்றி, அடுப்பை ஒட்டிய திண்ணைக்கு அடியில் போய் வெளியேறும். அந்தச் சூடான திண்ணைக்கு இவர்கள் வைத்த பெயர் 'குன்ஸ்ட்'. ஜெர்மன் மொழியில் கலைக்கும் அதே சொல்தான். நான் முதன்முதலில் தங்கிய வீட்டில், நனைந்த கையுறையோடு உள்ளே வந்த என்னைப் பார்த்து வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தத் திண்ணையைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார்ந்ததும் அடுப்பின் மாடத்திலிருந்து ஒரு சிறு துணிப் பையை எடுத்து மடியில் வைத்தார். உள்ளே காய்ந்த செர்ரிக் கொட்டைகள். கோடையில் பழம் தின்றபின் கழுவிக் காயவைத்துச் சேர்த்தவை. கையில் அழுத்தினால் கூழாங்கல்போல் உருளும், சூடு அரை மணி நேரம் நிற்கும். துணி பல முறை துவைத்து நிறம் போயிருந்தது. ஒரு ஓரத்தில் வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். எனக்கு அன்று ஜெர்மன் சரியாக வராது. அவர் பேசிய வட்டார மொழி சுத்தமாகப் புரியவில்லை. ஒரு மணி நேரம் இருவரும் அங்கேயே இருந்தோம். அவர் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையை உங்கள் நாட்களுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு என்பது வழக்கம் மட்டுமில்லை, அரசியல் சாசனத்தில் இருக்கிறது. 1919-ஆம் ஆண்டின் வைமர் சாசனத்தில் எழுதியதை 1949-இல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாட்களாகச் சட்டப் பாதுகாப்பு பெறும் என்று. நகரத்தில் இருக்கும்போது பால் வாங்கக் கடை இல்லையே என்று எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. மலையில் ஒரு ஞாயிறு இருந்தபிறகுதான் அந்த வரியை எழுதியவர்கள் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்று புரிந்தது. மரம் அறுக்கும் இயந்திரம் ஓயும், லாரி வராது. பத்து மணிக்குச் சாங்க்ட் மேர்கன் கோயிலின் இரட்டைக் கோபுர மணி ஒலித்தால், கேட்பதற்கு வேறு எதுவும் குறுக்கே இருக்காது. சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள்.

நீங்களும் அந்த அமைதியைக் காக்க வேண்டியவர்களில் ஒருவர். இந்தக் காடுகளில் ஆவர்ஹூன் என்ற பெரிய காட்டுக்கோழி இருக்கிறது. எண்ணிக்கை குறைந்து தவிக்கும் பறவை. குளிர்காலம் முழுக்க அதற்கு உணவு ஊசியிலைதான். அதில் சத்து மிகக் குறைவு. அசையாமல் இருந்தால்தான் வசந்தம் வரை உயிர் தாங்கும். பாதையை விட்டு விலகி ஒருவர் காட்டுக்குள் நுழைந்தால் அது பயந்து எழுந்து பறக்கும். சேமித்த பலம் அந்தப் பறத்தலில் போய்விடும். அதனால் பலகை வைத்துப் பாதுகாத்த பகுதிகளுக்குள் போகாதீர்கள். நடப்பவர்களுக்கென்று உருளை ஓட்டி இறுக்கிய பாதைகள் தனியாக இருக்கின்றன. இணையான இரண்டு பள்ளக் கோடுகள் தெரிந்தால் அது 'லொய்ப்பெ', சமதளப் பனிச்சறுக்குக்கு உரிய தடம். அதில் கால் வைத்தால் யாரோ விடியுமுன் எழுந்து செய்த வேலை வீணாகும். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் சாங்க்ட் மேர்கனுக்குப் பக்கத்திலுள்ள துர்னர் நல்ல இடம். மலைச்சரிவில் வேகமாக இறங்கும் சறுக்கைவிட இது நம் வயதுக்கும் உங்கள் நோக்கத்துக்கும் பொருந்தும். சறுக்கு இங்கே பழைய சங்கதி. உலகத்தின் முதல் ஸ்கீ லிஃப்ட்டே இந்த மலையில், ஷொல்லாக் என்ற சிற்றூரில் 1908-இல் ஓடியது. விடுதி நடத்திய ஒருவர் தன் விருந்தினர் மேலேற வேண்டும் என்று தண்ணீர் ஆலையின் விசையைக் கொண்டு கயிற்றை இழுக்கவைத்தார்.

உடுப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று: உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் குளிர் பிடிக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை, நீர் புகாத பூட்ஸ், அதன் அடியில் மாட்டும் சிறு முள்சங்கிலி போதும். வெளிச்சக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். ஜனவரியில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே நிழல் விழும். மூன்று மணிக்குத் திரும்பும் வழியில் இருங்கள். ஃபெல்ட்பெர்க்கின் செங்குத்தான சரிவுகளில் பனிச்சரிவு நிகழ்வதுண்டு, ஆல்ப்ஸ் இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். ஆபத்து என்றால் 112.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சைவம் என்றால் சீஸ் சேர்த்துப் புரட்டிய ஷ்பெட்ஸ்லெ என்ற முட்டை நூடுல்ஸ், வறுத்த உருளைக்கிழங்கும் பிபெலஸ்கேஸ் என்ற தயிர்க்கட்டியும் கிடைக்கும். தோசைபோல் வார்த்த அப்பத்தைச் சீவிப் போட்ட சூப்பும் உண்டு, ஆனால் அதன் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் கொதித்தது, கேட்டுக்கொள்ளுங்கள். கிராம விடுதிகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பல இடங்களில் திங்கள், செவ்வாய். சமையலறையோடு கூடிய அறையாகப் பார்த்து எடுத்து, கொஞ்சம் அரிசியும் பருப்பும் கொண்டுபோங்கள். அறை வாடகையோடு ஒரு சிறு தங்கல் வரி சேரும்; அதற்கு ஈடாகக் கோனுஸ் என்ற விருந்தினர் அட்டை தருவார்கள். அதைக் காட்டினால் கருங்காடு முழுவதும் உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் இலவசம். கார் வேண்டியதே இல்லை.

வேறு பகுதிகளையும் கேட்டிருந்தீர்கள். தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்திலுள்ள அல்கொய் மிக அழகு, பனியும் அதிகம் நிற்கும், கூட்டமும் அதிகம். பவேரியக் காடு உண்மையிலேயே ஆளரவமற்றது, பிராங்க்பர்ட்டிலிருந்து தொலைவு. விளக்குகள் பிடிக்கும் என்றால் செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கெ. வளைவான மர விளக்குத் தாங்கிகள் ஒவ்வொரு ஜன்னலிலும் எரியும். இருட்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டியபின் மேலே வந்த சுரங்கத் தொழிலாளிகளின் வெளிச்ச ஏக்கம் அது என்று சொல்வார்கள். அங்கே மட்டும் டிசம்பரில் போகலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் கடைசியில், நவம்பரிலிருந்து தூக்கம் சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் பயணத்துக்குக் காத்திராமல் உங்கள் குடும்ப மருத்துவரிடம் அதே வரியைச் சொல்லுங்கள். இங்கே குளிர்கால இருட்டு பலரையும் அப்படிச் செய்யும், மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். மலைக்கும் தனியாகப் போகாமல், அதிகம் பேசாத ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அறைக்கு இணையத்தில் தேடுங்கள், ஆனால் முடிவு செய்யுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுவிடுங்கள். பண்ணை வீட்டுக்காரர்கள் பலர் வயதானவர்கள். மின்னஞ்சலுக்கு மூன்று நாள் கழித்துப் பதில் வரும், தொலைபேசியை உடனே எடுப்பார்கள். மாடு கறக்கும் காலை, மாலை நேரங்களைத் தவிர்த்து, மதியம் ஒரு மணி வாக்கில் கூப்பிடுங்கள். உங்கள் ஜெர்மன் போதும். அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டாவதாக 'லீக்ட் ஷ்னே?' என்று கேளுங்கள். பனி கிடக்கிறதா என்று பொருள். எத்தனை ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவராக இருந்தாலும், 'ஒரு நிமிடம்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.